பட்டதாரி தச்சரானார்!

சாந்தோம் கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்குக் கடற்காற்றின் குணம் நன்றாகத் தெரியும். மாலை நேரத்தில் அது சுகம் தரும். ஆனால் அதில் கலந்து வரும் உப்பு, ஜன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் தின்றுவிடும். வெயில் காலத்தில் காற்று உள்ளே வரவேண்டும். மழைக் காலத்தில் சாரல் உள்ளே வரக்கூடாது. கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

அதே கடலோரமாகத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. இந்தத் தலைவலிக்கு மருந்து கண்ட ஒரு கட்டடம் அங்கே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அந்த விடுதிக்குக் 'கோல்கொண்டே' என்று பெயர்.

அந்தக் கட்டடம் எழுந்தபோது அருகில் நின்று வேலையைக் கவனித்தவர் ஓர் இளைஞர். ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். பெரிய கல்லூரிகளில் படித்துப் பட்டம் பெற்றவர். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு பெரிய உத்தியோகம் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் உளியையும் இழைப்புளியையும் தேர்ந்தெடுத்தார். அவர் செய்த நாற்காலியையும் மேஜையையும் வாங்க அமெரிக்கச் செல்வந்தர்கள் காத்துக் கிடந்தார்கள்.

அவர் பெயர் ஜார்ஜ் நகாஷிமா.

காட்டில் வளர்ந்த ஆசை

நகாஷிமா 1905-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள ஸ்போகேன் என்ற ஊரில் பிறந்தார். அது மலையும் காடும் சூழ்ந்த பிரதேசம். சிறு வயதிலேயே சாரணர் இயக்கத்தில் சேர்ந்து காடு மேடெல்லாம் சுற்றினார். வானளாவிய மரங்களைப் பார்த்துப் பார்த்து, மரத்தின் மேல் அவருக்குத் தீராத பிரியம் உண்டாயிற்று.

கல்லூரியில் முதலில் வனவியல் படித்தார். பிறகு கட்டடக் கலைக்கு மாறினார். 1929-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேல்படிப்பும் முடித்தார்.

படிப்பு முடிந்தது. ஆனால் காலம் சரியில்லை. 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அமெரிக்காவை ஆட்டிப் படைத்தது. லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். நகாஷிமாவின் வேலையும் போயிற்று.

மற்றவர்களாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் காரை விற்றார். அந்தப் பணத்தில் உலகத்தைச் சுற்றி வரக் கப்பல் டிக்கெட் வாங்கினார்! பிரான்சுக்குப் போனார். வட ஆப்பிரிக்காவைப் பார்த்தார். கடைசியில் தம் முன்னோரின் நாடான ஜப்பானை அடைந்தார்.

டோக்கியோ நகரில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் 1934-இல் வேலைக்கு அமர்ந்தார். ரேமண்ட் இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். ஜப்பானியத் தச்சர்களின் எளிமையையும் புதுமையான கான்கிரீட் வேலையையும் ஒன்று சேர்த்தவர். அவரிடம்தான் புதுச்சேரி ஆசிரமத்தின் விடுதி வேலை வந்து சேர்ந்தது.

புதுச்சேரியில் ஒரு சீடர்

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆசிரமத்தில் இருந்த பவித்ரா என்ற பிரெஞ்சுக்காரர் முன்பு ஜப்பானில் வசித்தவர், ரேமண்டை அறிந்தவர். அந்தத் தொடர்பினால்தான் இந்த ஏற்பாடு நடந்தது. கட்டடத்துக்குப் பணம் ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து, திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்தது. அதனால்தான் அங்குள்ள பழைய கோட்டையின் பெயரை விடுதிக்கு வைத்தார்கள்.

வேலையை நேரில் கவனிக்க ஒருவர் வேண்டியிருந்தது. நகாஷிமா தாமாக முன்வந்தார். 1937-இல் புதுச்சேரியில் வேலையைத் தொடங்கினார்.

வந்தவர் வெறும் மேற்பார்வையாளராக இருக்கவில்லை. ஆசிரம வாழ்க்கை அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டது. சீடராகச் சேர்ந்தார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்று அதற்குப் பொருள்.

வேலையோ மிகக் கடினம். கான்கிரீட்டில் இப்படி ஒரு கட்டடம் எழுப்பிய பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. பெரிய இயந்திரங்களும் கிடையாது. உள்ளூர்த் தொழிலாளிகளும், கட்டட வேலையே அறியாத ஆசிரமவாசிகளும் சேர்ந்து கையாலேயே எல்லாவற்றையும் செய்தார்கள். அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு வேலையையும் திருத்தமாகச் செய்வதுதான் அங்கே வழிபாடு. கருவிகளைத் துடைத்து, எண்ணி, அதனதன் இடத்தில் வைப்பதும் அந்த வழிபாட்டில் ஒரு பகுதி.

கண்ணாடி இல்லாத ஜன்னல்

கோல்கொண்டே கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருக்கின்றன. அந்தப் பக்கங்களில் வழக்கமான சுவரே இல்லை. கண்ணாடி ஜன்னலும் இல்லை. அதற்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை கான்கிரீட் பலகைகள், வரிசை வரிசையாக! கைப்பிடியைத் திருப்பினால் அவை திறக்கும். மறுபடி திருப்பினால் மூடும். காற்று வேண்டுமா, திறக்கலாம். சாரல் அடிக்கிறதா, மூடலாம்.

அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குப் பலகைகளை இடைவெளி விட்டு அமைத்த தள்ளு கதவுகள். அவற்றை மூடினாலும் காற்று வரும். ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். கூரையிலும் வளைந்த ஓடுகளை வைத்து, அடியில் காற்று ஓட வழி செய்தார்கள். தரைக்குக் கடப்பைக் கல். சுவருக்கு மெருகேற்றிய வெள்ளைச் சுண்ணச் சாந்து.

கீல், கைப்பிடி முதலியவற்றைப் பித்தளையில் வார்த்தார்கள். அதற்காக அடியார்கள் வீட்டிலிருந்த பழைய பித்தளைப் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். சமையலறையில் இருந்த செம்பும் குடமும் உருகிக் கதவுப் பிடியாக மாறின! கடற்காற்றில் இரும்பைப்போல அவை துருப்பிடித்து உதிரவில்லை.

அறைகளுக்கு வேண்டிய கட்டில், மேஜை, நாற்காலிகளைத் தேக்கு மரத்தில் வடிவமைக்கும் பொறுப்பும் நகாஷிமாவுடையதுதான். பூவேலை இல்லை, பொம்மை வேலை இல்லை. உட்கார, எழுத, படுக்க எது வேண்டுமோ அது மட்டும். நகாஷிமாவின் கைவண்ணத்தில் உருவான முதல் மரச்சாமான்களில் இவையும் சேரும்.

1939-இல் உலக யுத்தம் மூண்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நகாஷிமா புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கட்டடம் 1940-களில் பூர்த்தியாயிற்று. இந்தியாவில் எழுந்த முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு.

முகமே குற்றம்!

நகாஷிமா ஜப்பானுக்குத் திரும்பினார். அங்கே, அவரைப் போலவே அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பெண்ணான மரியனைச் சந்தித்தார். இருவரும் அமெரிக்கா சென்று 1941-இல் மணம் செய்துகொண்டார்கள். சியாட்டில் நகரில் குடியேறினார்கள். அங்கே நகாஷிமா ஒரு சிறு பட்டறை வைத்து மரச்சாமான்கள் செய்யத் தொடங்கினார். கட்டட வேலையில் வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர். தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையாலேயே செய்யக்கூடிய வேலையை அவர் விரும்பினார். அதுதான் தச்சு வேலை.

ஆனால் விதி குறுக்கிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. மறு ஆண்டு, மேற்குக் கடலோரத்தில் இருந்த ஜப்பானிய வம்சத்தினர் அனைவரையும் முகாம்களில் அடைக்க அமெரிக்க சர்க்கார் உத்தரவிட்டது. சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. முகம்தான் குற்றம்!

நகாஷிமா தம்பதிக்கு அப்போதுதான் மீரா என்ற பெண் குழந்தை பிறந்திருந்தது. கைக்குழந்தையோடு அவர்கள் முகாமுக்குப் போனார்கள். ஐடஹோ மாகாணத்தின் பாலை நிலத்தில் இருந்த மினிடோகா முகாம் அது. சுற்றிலும் முள்கம்பி. குளிரும் புழுதியும். தார்க் காகிதம் போர்த்திய மரக் கொட்டகைதான் இருப்பிடம்.

பட்டறை போயிற்று. வருமானம் போயிற்று. சுதந்திரமும் போயிற்று.

அந்த முகாமில்தான் கென்டாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரை நகாஷிமா கண்டார். ஜப்பானிய முறையில் தொழில் கற்றுத் தேர்ந்தவர் அவர். பெரிய படிப்புப் படித்த நகாஷிமா, அந்தத் தச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். எறிந்துவிட்ட பலகைத் துண்டுகளையும் பாலைவனப் புதர்க்கட்டைகளையும் பொறுக்கி, இருவரும் வேலை செய்தார்கள். உளியைப் பிடிக்கும் முறை, ஆணியில்லாமல் மரத்தோடு மரத்தைப் பொருத்தும் முறை எல்லாவற்றையும் அங்கேதான் அவர் ஆழமாகக் கற்றார்.

கூலியில்லாமல் திருத்தமாக வேலை செய்யப் புதுச்சேரியில் பழகியவர் அல்லவா? அந்தப் பழக்கம் சிறைக்குள்ளும் அவருக்குத் துணை நின்றது.

கோழிப் பண்ணையிலிருந்து

பழைய எஜமானர் ரேமண்ட் அவரை மறக்கவில்லை. அப்போது ரேமண்ட் பென்சில்வேனியா மாகாணத்தில் நியூ ஹோப் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தார். அவர் பொறுப்பேற்றுக்கொண்டதால் 1943-இல் நகாஷிமா குடும்பம் விடுதலை பெற்றது. நகாஷிமா அந்தப் பண்ணையில் கோழிகளைக் கவனித்தார். கட்டடக் கலையில் பெரிய பட்டம் பெற்றவருக்குக் கோழி வளர்ப்பு!

ஆனால் அவர் மனம் சோரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி தச்சு வேலையைத் தொடங்கினார். அந்த ஊரிலேயே நிலம் தேடி, பட்டறையையும் வீட்டையும் தம் கையால் எழுப்பினார்.

யுத்தம் முடிந்தபின் அமெரிக்க வீடுகளின் தோற்றமே மாறிக்கொண்டிருந்தது. தடித்த கால்களும் செதுக்கு வேலையும் கொண்ட பழைய சாமான்கள் போய், மெல்லிய கால்களும் நேர்கோடுகளும் கொண்ட புதிய சாமான்கள் வந்தன. தாழ்வான சோபா, நீண்ட அலமாரி, விருந்தினருக்குப் பானம் வழங்கக் கூடத்து மூலையில் ஒரு சிறு மேடை என்று புது நாகரிகம் பரவியது. இன்று அதை 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்று அழைத்து, பழம்பொருள் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அந்தச் சாமான்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. நகாஷிமாவும் 1946-இல் நோல் கம்பெனிக்கு நாற்காலி வடிவமைத்துக் கொடுத்தார். ஆனால் அவர் உள்ளம் தம் பட்டறையில்தான் இருந்தது.

வெடித்த மரத்துக்கு மரியாதை

மற்ற தச்சர்கள் மரத்தின் ஓரத்தை நேராக அறுத்துத் தள்ளுவார்கள். நகாஷிமா அப்படிச் செய்யவில்லை. மரம் காட்டில் எப்படி வளைந்து வளர்ந்ததோ, அந்த வளைவை மேஜையின் ஓரத்தில் அப்படியே விட்டார். முடிச்சு இருந்தால் அதுவும் இருக்கும். பொந்து இருந்தால் அதுவும் இருக்கும்.

பலகையில் வெடிப்பு இருந்தால்? நம் ஊரில் அதை விறகுக்குப் போடுவார்கள். அவர் அந்த வெடிப்பின் குறுக்கே வைரமான மரத்தில் ஒரு சிறு துண்டைப் பொருத்துவார். அது வண்ணத்துப்பூச்சி இறகை விரித்ததுபோல, இரு பக்கமும் அகன்று நடுவில் குறுகி இருக்கும். வெடிப்பு மேலும் விரியாமல் அது பிடித்துக்கொள்ளும். வெடிப்பை மறைக்கவில்லை, வெடிப்போடு சேர்த்தே மரத்தை வாழவைத்தார். நாளடைவில் அந்த வண்ணத்துப்பூச்சித் துண்டே அவருடைய அடையாளமாயிற்று.

1960-இல் அவர் வடிவமைத்த 'கோனாய்டு' நாற்காலி இன்னொரு புதுமை. அதற்கு இரண்டே கால்கள்! அந்தக் கால்கள் தரையில் நீண்ட கட்டைகளின் மேல் நிற்கும். அதனால் உட்கார்ந்தால் சாயாது. விரிப்பின் மேல் இழுத்தாலும் சுலபமாக நகரும்.

புகழ் பெருகியது. 1973-இல் பெருஞ்செல்வரான நெல்சன் ராக்பெல்லர் தம் மாளிகைக்கு இருநூறுக்கும் அதிகமான சாமான்களுக்கு உத்தரவு கொடுத்தார். ஒரு காலத்தில் முள்கம்பிக்குள் அடைத்த நாடு, இப்போது அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

அவர் இந்தியாவையும் மறக்கவில்லை. 1964-இல் ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து, அங்கே இருந்தவர்களுடன் வேலை செய்தார். அவர் வடிவமைத்த சாமான்கள் அங்கேயும் உருவாயின.

கடல் கடந்து வந்த மேஜை

முதிய வயதில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. 1984-இல் மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்று கிடைத்தது. அக்ரோட்டுக் கொட்டை காய்க்கும் இனத்தைச் சேர்ந்த மரம் அது. அதிலிருந்து பிரம்மாண்டமான மேஜைகள் செய்து, கண்டத்துக்கு ஒன்றாக வைக்கவேண்டும். மக்கள் அதைச் சுற்றிக் கூடி உலக சமாதானத்துக்காகப் பிரார்த்திக்க வேண்டும். இதுதான் அந்த ஆசை. யுத்தத்தின் கொடுமையை அனுபவித்தவருக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. முதல் மேஜை 1986-இன் கடைசி நாளில் நியூயார்க்கிலுள்ள ஒரு பெரிய தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

முகாம்களில் அடைக்கப்பட்டவர்களிடம் அமெரிக்க சர்க்கார் 1988-இல் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் நஷ்டஈடு என்று அறிவித்தது. அதைக் காண நகாஷிமா உயிரோடு இருந்தார். 1990 ஜூன் 15-ஆம் தேதி, 85-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் மகள் மீரா பட்டறைப் பொறுப்பை ஏற்றார். முகாமுக்குத் தாயின் இடுப்பில் போன அதே குழந்தைதான்! தந்தையின் ஆசையையும் அவர் தொடர்ந்தார். ஆசியக் கண்டத்துக்கான சமாதான மேஜை எங்கே வந்தது தெரியுமா? ஜப்பானுக்கு அல்ல. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவிலுக்கு! 1996-இல் அது கடல் கடந்து வந்து சேர்ந்தது.

கோல்கொண்டே விடுதியும் நிற்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் கான்கிரீட் பலகைகள் திறக்கின்றன. கடற்காற்று உள்ளே வருகிறது. தங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பைக் கொடுத்தவர்களின் அன்பு அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. கூலி வேண்டாம் என்று வேலை செய்த அந்த இளைஞரின் உழைப்பும் அங்கே நிற்கிறது.