முத்திரைத்தாளில் கையொப்பமிட்ட புனிதர்

ஜனவரி 31ஆம் நாள் வந்தால் நம் ஆலயங்களில் புனித தொன் போஸ்கோவைப் பற்றிக் கேட்கிறோம். ஒன்பது வயதில் அவர் கண்ட கனவு, கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டிச் சிறுவர்களைச் செபிக்க அழைத்தது, அன்னை மர்கரீத்தாவின் தியாகம் எல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஆனால் அவர் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, ஒரு தச்சரிடம் கையொப்பம் வாங்கிய பிறகே ஒரு சிறுவனைப் பட்டறைக்கு அனுப்பியதை மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பதில்லை. நம் காட்டூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு அவருடைய வாழ்வில் மிக அருகில் நிற்பது இந்த நிகழ்ச்சிதான்.

ஏனென்றால், காட்டூர் வழியே போகும் தஞ்சாவூர் சாலையே ஒரு தொழிற்பயிற்சிச் சாலை. ஒரு பக்கம் திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ., பெல் தொழிற்சாலை, அதற்கு வேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள். மறுபக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை. பிட்டர், டர்னர், வெல்டர் படித்த பிள்ளைகள் அப்ரண்டிஸ் இடம் தேடி அலைவதும், இடம் கிடைத்த பின்னரும் தேநீர் வாங்கி வரவும் இரும்புத்தூள் கூட்டவும் மட்டுமே பணிக்கப்படுவதாகச் சிலர் வீட்டில் வந்து முறையிடுவதும் நாம் அறியாததல்ல. தொன் போஸ்கோ சந்தித்த சிக்கலும் இதுவே.

இத்தாலியின் பியெட்மான்ட் பகுதியில், பெக்கி என்னும் சிற்றூரில் 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் பிறந்தார். இரண்டு வயது ஆவதற்குள் தந்தை இறந்தார். படிக்க ஆசைப்பட்ட சிறுவனுக்கும், வயலில் வேலை செய்யச் சொன்ன மாற்றாந்தாய் வழி அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு வயதில் அவர் வீட்டை விட்டு மொலியா என்ற குடும்பத்தின் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தார். பின்னர் படிப்பதற்காக வெளியூர்களில் தங்கியிருந்தபோது தையல், கொல்லு வேலை, தச்சு வேலை எல்லாம் பழகினார். கியேரி நகரில் ஒரு காபிக் கடையில் பணியாளராக இருந்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த இடுக்கில் உறங்கினார். அங்கே இனிப்பு வகைகள் செய்யவும் கற்றுக்கொண்டார். கடைக்காரர் அத்தொழிலிலேயே நிலைத்துவிடும்படி கேட்குமளவுக்குக் கைதேர்ந்துவிட்டார். பிறர் கடையில் வேலை பழகுவது எப்படிப்பட்டது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், தூரின் நகருக்கு வந்தார். அருள்பணி கஃபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பதின்ம வயதுப் பையன்கள் விடுதலையாவதையும் சில நாள்களில் மீண்டும் உள்ளே வருவதையும் கண்டார். வெளியே அவர்களுக்கென்று யாரும் இல்லை என்பதே காரணம் என அவர் புரிந்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் அவர் சந்தித்த பர்த்தலோமேயு கரெல்லியும் பெற்றோரை இழந்து கொத்து வேலை செய்து வந்த இளைஞன்தான். அவனோடு தொடங்கிய பணி பெருகி, இடம் இடமாக அலைந்து, 1846 உயிர்ப்புப் பெருவிழாவன்று வல்தொக்கோவில் பினார்தி என்பவரின் கொட்டகையில் நிலைகொண்டது.

ஞாயிறு மறைக்கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. பகலெல்லாம் சாரத்தில் நின்று செங்கல் சுமந்தவர்களுக்கு மாலையில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். பியெட்மான்ட் அரசு 1850 முதல் தசம அளவை முறையைக் கட்டாயமாக்கியபோது, தொழிலாளர் ஏமாந்துவிடக் கூடாதே என்று அதை எளிய நடையில் விளக்கிச் சிறு நூல் எழுதினார். மேடையில் உரையாடலாக நடித்துக் காட்டவும் ஏற்பாடு செய்தார். நம் நாட்டில் 1957இல் நயா பைசா வந்தபோது அணாக் கணக்கில் பழகிய நம் பெரியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டவர்களுக்கு, ஒரு குருவானவர் ஏன் அளவைக் கணக்கு எழுதினார் என்பது விளங்கும். 1850இல் தொழிலாளர் பரஸ்பர உதவிச் சங்கமும் உண்டாயிற்று. உறுப்பினர் வாரந்தோறும் சிறு காசு செலுத்த, நோயுற்றவர்க்கு அதிலிருந்து உதவி கிடைத்தது.

வார நாள்களில் தொன் போஸ்கோ கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் பட்டறைகளுக்கும் சென்று தம் பிள்ளைகளைப் பார்த்து வந்தார். அங்கே கண்டவை அவரை வருத்தின. தொழில் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்ட பையன் முதலாளி வீட்டு எடுபிடியாக இருந்தான். அடி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தான். பழைய கைவினைஞர் சங்கங்கள் 1844இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால், பழகுநருக்கு அவை தந்துவந்த சிறிதளவு பாதுகாப்பும் போயிற்று.

இதற்கு அவர் கண்ட வழிதான் ஒப்பந்தம். 1851 நவம்பரில் ஒரு கண்ணாடி வேலைக்காரரோடு எழுதிய ஒப்பந்தமும், 1852 பிப்ரவரி 8ஆம் நாள் ஜுசப்பே பெர்த்தொலினோ என்ற தச்சரோடு எழுதியதும் இன்றும் கிடைக்கின்றன. இரண்டாவது, ஜுசப்பே ஒடாஸ்ஸோ என்ற பையனுக்காக எழுதப்பட்டது. தச்சுத் தொழிலை முழுமையாகக் கற்றுத்தரத் தச்சர் கடமைப்பட்டவர். பையனைத் திருத்த வேண்டுமானால் வாயால் திருத்தலாம், கை ஓங்கக் கூடாது. தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலை வாங்கக் கூடாது. திருநாள்களில் முழு ஓய்வு. ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை. கூலி நாளொன்றுக்கு 30 சென்டெசிமியில் தொடங்கி, 40ஆகி, 60ஆக உயர வேண்டும். (ஒரு லிராவுக்கு 100 சென்டெசிமி.) பையனும் சும்மா இல்லை: கீழ்ப்படிந்து கவனமாக உழைப்பதாக அவன் வாக்குக் கொடுத்தான். அவனால் சேதம் நேர்ந்தால் தந்தை பொறுப்பு. பையனின் நடத்தைக்குத் துணை நிற்பதாகத் தொன் போஸ்கோவும் ஒப்புக்கொண்டார்.

அக்காலத்தில் எத்தனையோ நல்லவர்கள் அனாதைப் பிள்ளைகளை யாரேனும் ஒரு முதலாளியிடம் சேர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று திரும்பினார்கள். தொன் போஸ்கோவோ, இடம் கிடைப்பது வேறு, தொழில் கிடைப்பது வேறு என்று கண்டார். அதனால்தான் கற்றுத்தருகிறேன் என்பதை முதலாளியிடமிருந்து எழுத்தில் வாங்கினார். அதற்குப் பிறகும் போய்ப் பார்த்தார்.

ஆயினும் இந்த வழி எல்லாருக்கும் போதவில்லை. நகரத்துப் பட்டறைகளின் பேச்சும் பழக்கமும் பையன்களைக் கெடுப்பதாக அவர் கவலைப்பட்டார். 1853இல் வல்தொக்கோவிலேயே செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையல் பட்டறையையும் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சகம், இரும்பு வேலை ஆகியவை வந்தன. 1884இல் தூரினில் நடந்த தேசியக் கண்காட்சியில், ஒரு நூல் உருவாகும் வேலைகளை அவருடைய அச்சகத்தார் இயந்திரத்தோடு செய்து காட்டினர். இந்தப் பட்டறைகளே அவருக்கு உலகப் புகழைத் தந்தன. எனினும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறருடைய பட்டறையில்தான் பயில வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தப் பழைய ஒப்பந்தத்தாள்களே நமக்கு அதிகம் பயன்படும் என்பது நம் எண்ணம்.

1888 ஜனவரி 31ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 1934 உயிர்ப்பு ஞாயிறன்று புனிதராக உயர்த்தப்பட்டார். 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை இத்தாலியத் தொழில் பழகுநர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய சபையார் 1906 ஜனவரியில் தமிழகத்தில் முதன்முதலாகப் பணி தொடங்கியது, நம் சாலையின் மறுமுனையான தஞ்சாவூரில்தான்.

இன்று நம் நாட்டில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சிக்கு முன் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். குறித்த தொழிலில் பயிற்சி தருவது நிறுவனத்தின் கடமை. கவனமாகக் கற்பது பழகுநரின் கடமை. உதவித்தொகை, விடுப்பு, வேலையில் காயம்பட்டால் இழப்பீடு ஆகியவையும் அதில் உண்டு. பங்கிலுள்ள பெற்றோர் பலர் அந்தத் தாளைப் படித்துப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறையாவிட்டால், அவன் சார்பில் ஒப்பந்தம் செய்ய வேண்டியவர் பெற்றோரோ பாதுகாவலரோதான். 1852இல் ஒடாஸ்ஸோவின் தந்தையும் அப்படித்தான் கையெழுத்திட்டார்.