நீரிணை நீந்திய பைரன் பிரபு

உடற்குறையோடு பிறந்தோருட் சிலர் அக்குறையையே எண்ணி வாழ்நாளைக் கழிக்கின்றனர். சிலர் அதனை மறைக்க முயல்கின்றனர். இன்னுஞ் சிலரோ அக்குறை தம்மைத் தடுக்காத ஓரிடத்தைத் தேடிக் கண்டு, அங்கே பிறர்க்கு நிகராகவும் மேலாகவும் விளங்குகின்றனர். ஆங்கிலப் புலவர் பைரன் பிரபு இம்மூன்றாம் வகையினர். அவர் கண்ட இடம் நீர். அவருடைய கவிதைகளை நம்மிற் பலர் படித்திருக்கிறோம். அவர் நீந்திய வரலாற்றை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனையே முதன்மையாகக் கொண்டு அவர் வாழ்வை இங்கு நோக்குவோம்.

ஜோர்ஜ் கோர்டன் பைரன் 1788 ஆம் ஆண்டு சனவரி 22 ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். பிறவியிலேயே அவரது வலது பாதம் கோணியிருந்தது. தந்தையை இளமையிலே இழந்து, ஸ்கொத்லாந்திலுள்ள அபர்தீன் நகரிலே தாயுடன் வளர்ந்தார். 1798 இல், பத்து வயதில், பிரபுப் பட்டம் அவரை வந்தடைந்தது. பட்டம் வந்ததேயன்றிப் பாதம் நேராகவில்லை. நொட்டிங்காம் நகரிலே வைத்தியன் ஒருவன் அப்பாதத்தை மரப்பொறியில் வைத்து முறுக்கினான். சிறுவனுக்கு வேதனை மிகுந்ததேயன்றி வேறு பயன் விளையவில்லை.

ஹரோ கல்லூரியிலே படித்தபோது, 1805 இல் ஈற்றன் கல்லூரியோடு நடந்த துடுப்பாட்டத்திலே பைரனும் ஆடினார். பந்தை அடித்தவர் அவர். அவருக்காக ஓடியவர் வேறொருவர். தரையிலே அவர் நிலை இதுதான். அதே ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்குள்ள ஆற்றிலே லோங் என்னும் நண்பருடன் சேர்ந்து 14 அடி ஆழம் வரை மூழ்கி, அடியிற் கிடந்த தட்டுகளையும் நாணயங்களையும் எடுத்து வருவது அவர் விளையாட்டு. நீரிலே அவருக்காக ஓட வேறொருவர் வேண்டியிருக்கவில்லை.

1809 யூலையிலே ஹொப்ஹவுஸ் என்னும் நண்பருடன் கீழ்த்திசைப் பயணம் புறப்பட்டார். வழியிற் போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனிலே தேகஸ் ஆற்றின் அகன்ற கழிமுகத்தை நீந்திக் கடந்தார். எதிர்நீரோட்டமுங் காற்றும் நிறைந்த அந்நீச்சலே பின்னையதிலும் ஆபத்தானது என்பது உடனிருந்த ஹொப்ஹவுஸின் கருத்து. ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது பின்னையதையே.

ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிப்பது டார்டனெல்ஸ் நீரிணை. பழைய கிரேக்கர் அதனை ஹெலெஸ்பொண்ட் என்றனர். ஆசியக் கரையிலுள்ள அபிதொஸ் ஊரினனாகிய லியாண்டர், எதிர்க்கரைச் செஸ்தொஸிலே வாழ்ந்த ஹீரோ என்னும் பெண்ணைக் காண இரவுதோறும் நீந்திச் செல்வான் என்பதும், புயலிரவு ஒன்றில் அவள் ஏற்றிய விளக்கு அணைய அவன் மாண்டான் என்பதும் அந்நாட்டுப் பழங்கதை. மனிதரால் இது கூடுமா என்று அறிய விரும்பினார் பைரன். அவர் சென்ற சல்செற் என்னும் போர்க்கப்பல், கொன்ஸ்தாந்திநோபிள் செல்ல அனுமதி வேண்டி அங்கே நங்கூரமிட்டுக் காத்திருந்தது.

1810 ஏப்பிரிலிலே அவரும் அக்கப்பலின் லெப்டினன்ட் எக்கன்ஹெட் என்பவரும் முதன்முறை முயன்றனர். அன்று காலை துரோய்ப் பகுதியிலிருந்து குதிரையேறி வந்த களைப்பு ஒருபுறம். நீரின் கடுங்குளிர் மறுபுறம். அக்கரை சேராமலே முயற்சியைக் கைவிட்டனர்.

இவ்விடத்தில் நாம் சிறிது நிற்றல் வேண்டும். வசந்தம் பிறந்தவுடன் காற்று வெம்மையடைந்துவிடும். கடலோ மெல்ல மெல்லவே வெம்மையடையும். மலைப்பனி உருகி வருதலாலேயே அந்நீர் குளிர்ந்தது என்பது பைரன் கருத்து. இளவெயிலைக் கண்டு மயங்கி அத்தகைய நீரிற் குதிப்போனுக்கு முதலில் மூச்சுத் திணறும், நெஞ்சு படபடக்கும். அது தணிந்த பின்னர் கை கால்கள் வலுவிழக்கும். அதன் பின்னரே உடலின் உட்சூடு குறையும். கரையேறிய பின்னரும் சிறிது நேரம் குறைந்துகொண்டே போகும். நன்கு நீந்துவோரையும் குளிர்நீர் கொல்வது இவ்வாறேயென இக்கால வைத்தியர் கூறுவர். வெதுவெதுப்பான கடலிலே நீராடி வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்காது. நுவரெலியாவின் ஓடைகளிலே விடியற்காலையிற் கால் வைத்தவர்க்கு ஒருவாறு விளங்கும்.

மே 3 ஆந் திகதி இருவரும் மீண்டும் இறங்கினர். எந்தப் படகும் நேராக வலித்துக் கடக்கவியலாத நீரோட்டம் அது. ஆதலின் ஐரோப்பியக் கோட்டைக்கு மிகவும் மேலே தொடங்கி, ஆசியக் கோட்டைக்குக் கீழே கரையேறினர். நீரிணையின் அகலம் ஏறக்குறைய ஒரு மைலே. ஓட்டம் இழுத்துச் சென்றதையுஞ் சேர்த்தால் நான்கு மைலுக்குக் குறையாது என்றனர் கப்பலில் இருந்தோர். எக்கன்ஹெட்டுக்கு 1 மணி 5 நிமிடமும் பைரனுக்கு 1 மணி 10 நிமிடமுஞ் சென்றன. பைரனுக்கு அப்போது வயது 22.

சில நாட்களிலே இந்நீச்சலைப் பற்றித் தம்மையே நகைத்து ஒரு சிறு கவிதை பாடினார். ஆனால் உள்ளத்தில் அவருக்கிருந்த பெருமை சிறிதன்று. கடிதங்களிலே திரும்பத் திரும்ப எழுதினார். அவர் நீந்தியது எளிதான திசையிலேயே என்று பிற்காலத்திற் பயணி ஒருவர் எழுதியபோது, 1821 இல் நீண்ட மறுப்பும் வரைந்தார். பிரபுவிடம் தற்பெருமை உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மணவாழ்வு முறிந்து, பழிச்சொல் சூழ, 1816 இல் தாய்நாட்டை விட்டு நீங்கியவர் அவர். எல்லா வகையிலும் பின்பற்றத்தக்கவர் என்று நாம் சொல்லவில்லை.

நீர் அவருக்குத் தோழனாயிருந்ததேயன்றி அவருடைய தோழர்களுக்கு அவ்வாறு இருக்கவில்லை. ஆற்றிலே உடன் மூழ்கி விளையாடிய லோங் 1809 இற் கடலிலே மாண்டார். மற்றொரு நண்பர் மத்தியூஸ் 1811 இல் அதே கேம்பிரிட்ஜ் ஆற்றிலே மூழ்கி இறந்தார். புலவர் ஷெல்லி, நீந்தவே அறியாதவர், 1822 யூலையில் இத்தாலியக் கடலிலே படகு கவிழ்ந்து மடிந்தார். அவருடைய சடலம் கடற்கரையிலே தகனஞ் செய்யப்பட்ட நாளில், பைரன் கடலில் இறங்கித் தம் படகை நோக்கி நீந்தினார்.

1823 இற் கிரேக்கரின் விடுதலைப் போருக்கு உதவப் புறப்பட்டார், பெரும்பொருள் ஈந்தார். 1824 ஏப்பிரிலிலே மிசொலொங்கி என்னும் ஊரிற் குதிரையேறிச் சென்றபோது மழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டது. வைத்தியர்கள் அக்கால வழக்கப்படி மீண்டும் மீண்டும் இரத்தம் வடித்தனர். ஏப்பிரில் 19 ஆந் திகதி, 36 வயதில், உயிர் நீத்தார். கிரேக்கர் 21 நாள் துக்கங் கொண்டாடினர்.

இளைஞர்காள், பைரன் அக்கரை சேர்ந்த நாளை உலகம் போற்றுகின்றது. 2010 மே 3 இல், இருநூறாண்டு நிறைவின்போது, பலர் அந்நீரிணையை நீந்தினர். நாம் போற்ற விரும்புவது அவர் திரும்பிய நாளையுமாம். பெருமையிலே மிக்க பிரபு, கப்பலார் பலர் அறிய முயற்சியைக் கைவிட்டார். களைப்பையும் குளிரையும் கணக்கிட்டார். இளைப்பாறி, நீரோட்டத்தை அறிந்து, மீண்டும் இறங்கினார். அன்று வீம்பு கொண்டு நீந்தியிருப்பின், லியாண்டரின் முடிவே அவருக்கும் நேர்ந்திருக்கலாம். துணையின்றி நீரில் இறங்காதீர். நீரின் இயல்பை அறியாது இறங்காதீர். திரும்ப வேண்டிய வேளையில் நாணாது திரும்புங்கள். தக்க நாள் வரும்போது தயங்காது இறங்குங்கள்.