இசைமேதை றொபேட் சூமான்

வாத்தியம் பயில்வார்க்கு நேரும் இடையூறுகள் பல. தந்தி அறுதலும் தோல் கிழிதலும் சுருதி கலைதலும் வாத்தியத்துக்கு வருவன, அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். வாசிக்கும் விரலே கெடுமாயின் யாது செய்வது? ஜேர்மனிய இசைமேதை றொபேட் சூமானுக்கு நேர்ந்தது அதுவே.

1810 ஆம் ஆண்டு யூன் 8 ஆந் திகதி சுவிக்காவு நகரிற் புத்தக வணிகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த சூமான், தந்தை மறைந்தபின் அன்னையின் விருப்பப்படி 1828 இல் லைப்சிக் நகருக்குச் சட்டம் பயிலச் சென்றார். மனமோ பியானோவிலேயே கிடந்தது. 1830 இல் வயலின் மேதை பகனீனியின் வாசிப்பைப் பிராங்போட் நகரிற் கேட்டார். அவ்வாண்டிலேயே சட்டத்தைத் துறந்தார். மூன்றாண்டில் அவரைத் தலைசிறந்த பியானோ வித்துவான்களுள் ஒருவராக்குவதாக ஆசிரியர் பிரீட்றிக் வீக் அன்னைக்கு எழுதினார். சூமானுக்கு வயது இருபது. அவர் தங்கிய ஆசிரியர் வீட்டிலோ, ஆசிரியரின் மகள் கிளாரா பதினொரு வயதிலேயே மேடையேறியிருந்தாள். பிந்தித் தொடங்கிய இளைஞரை அச்சிறுமியின் வேகம் எத்துணை வருத்தியிருக்கும் என நாம் ஊகிக்கலாம்.

அவசரமே வினையாயிற்று. ஓயாப் பயிற்சியோடு அமையாது, வலக்கை நடுவிரலை வலுப்படுத்த ஒரு பொறியையுங் கையாண்டார். சுருட்டுப் பொறி என அவர் நாட்குறிப்பில் அது பெயர்பெறும். தமக்குத் தெரியாமல் மாணவர் ஒருவர் இத்தகைய பொறியைக் கையாண்டதாக வீக் பின்னாளிற் கடிந்தெழுதினார். 1832 அளவில் விரல் ஏவல் கேளாதாயிற்று. சாராயத்தில் தோய்த்தனர், பச்சிலை கட்டினர், மின்சாரமும் பாய்ச்சினர். அப்போதே கொன்ற விலங்கின் உடலுள்ளே கையை வைத்திருக்கவும் விதித்தனர். எழுதவே எமக்கு மனங் கூசுகின்றது. மாட்டின் இயல்பு தம்முட் புகுந்துவிடுமோ என அவரே அன்னைக்கு எழுதினார். ஒன்றும் பலிக்கவில்லை.

பொறியே காரணம் என்பார் பலர். மிகுபயிற்சியால், மூளை விரலை ஏவும் ஒழுங்கே குலைந்ததென்பர் இக்கால மருத்துவர் சிலர். பொறிக்கு முன்னரே விரல் மரத்தமைக்கு நாட்குறிப்புச் சான்றாதலின், பின்னவர் கூற்றே பொருந்துமென நாம் கருதுகின்றோம். விழா நெருங்கும் நாள்களில் விரல் வீங்குமட்டும் மிருதங்கம் பயிலும் எம் மாணவர் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றனர்.

வித்துவானாகும் எண்ணம் ஒழிந்தது. எழுதுகோல் பிடிக்கும் கை எஞ்சியது. அவர் வெளியிட்ட முதல் இருபத்துமூன்று ஆக்கங்களும் பியானோவுக்கே உரியன என்பது வியப்பன்றோ! 1834 இல் இசைப் பத்திரிகை ஒன்றையுந் தொடங்கினார். கிளாராவை மணக்க விரும்பியபோது வீக் மறுக்க, வழக்காடி 1840 செப்டெம்பர் 12 இல் மணந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு அவர் இசையமைத்ததும் அவ்வாண்டிலேயே. அவருடைய பியானோக் கொன்சேட்டோ 1845 இல் டிறெஸ்டன் நகரில் அரங்கேறியபோது, பியானோவின் முன் அமர்ந்தவர் கிளாராவே.

1854 இல் மனநோய் முற்றி, பொன் நகருக்கு அணித்தான எண்டனிக் மருத்துவமனையிற் சேர்ந்த சூமான், 1856 யூலை 29 இல் மறைந்தார். அதன்பின் நாற்பதாண்டு வாழ்ந்த கிளாரா, மூப்பு வந்து தடுக்கும்வரை, கணவர் தம் விரலால் வாசிக்கவியலாத அவ்விசையை ஊரூராகச் சென்று வாசித்துவந்தார்.