ஐவர் வரைந்த விமானம்

நம் இராமநாதபுரம் கடற்கரையில் மீன்பிடிக்கப் புறப்படும் படகுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருவர் சுக்கான் பிடிக்கிறார்; ஒருவர் வலை இறக்குகிறார்; ஒருவர் கயிறு இழுக்கிறார். ஒரு கை தளர்ந்தால் அன்றைய பாடு வீண். இதே பாடத்தை வரைபலகையின் முன் அமர்ந்து கற்றவர் நம் மண்ணின் மைந்தர் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில், ஜைனுலாப்தீன், ஆஷியம்மா தம்பதியர்க்கு அவர் மகனாகப் பிறந்தார். தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லத் தந்தையார் மரப்படகு கட்டியதைச் சிறுவன் அருகிலிருந்து பார்த்தான். பறவை பறக்கும் விதத்தை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து விளக்கியதோடு, கடற்கரைக்கும் அழைத்துச் சென்று காட்டினார். அன்றே வானத்தின் மீது ஆசை பிறந்தது.

இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும், சேசு சபைக் குருக்கள் நடத்தும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்றபின், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்க இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பிக்கு வழி திறந்தார். அதன்பின் உதவித்தொகையை நம்பியே படிப்பு நடந்தது.

பாடங்கள் முடிந்ததும் ஐந்து மாணவர்க்கு ஒரு கூட்டுப்பணி தரப்பட்டது. தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை அவர்கள் வடிவமைக்க வேண்டும். காற்றியக்க வடிவம் கலாமின் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்ற நால்வர் பொறுப்பு. இப்பணியின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். இறக்கையின் வடிவம் தெரியாமல் எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட முடியாது. எடை தெரியாமல் இறக்கையின் அளவை முடிவு செய்யவும் முடியாது. ஒருவர் தாமதித்தால் ஐவரும் தாமதித்தவரே.

வேலையைப் பார்வையிட்ட இயக்குநர் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் சிறிதும் மனநிறைவு அடையவில்லை. கலாம் ஒரு மாதம் தவணை கேட்டார். பேராசிரியரோ வெள்ளி பிற்பகலில் மூன்றே நாள் கொடுத்தார். திங்கள் காலைக்குள் படம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். தமக்கையின் நகை, தந்தையின் உழைப்பு, தம் எதிர்காலம் எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கின. அன்றிரவு கலாம் உணவை மறந்து வரைபலகையின் முன் அமர்ந்தார். மறுநாள் காலை ஒரு மணி நேரமே ஓய்வு. ஞாயிறன்று படம் முடியும் தறுவாயில், பேராசிரியர் பின்னால் வந்து நின்று பார்த்தார். மாணவரை அன்போடு தழுவிப் பாராட்டினார். உதவித்தொகை பிழைத்தது!

பின்னாளில் அவர் இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநரானார். 1979 ஆகஸ்டு 10 அன்று முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவு, நான்கு கட்ட ராக்கெட் முழுவதையும் வீழ்த்திற்று. தலைவர் சதீஷ் தவான் தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி விண்ணில் நிலைபெற்றபோது, பத்திரிகையாளர் முன் பேசும் பெருமையைக் கலாமுக்கு விட்டுக்கொடுத்தார். கூட்டுப்பணியின் இரண்டாம் பாடத்தைக் கலாம் அன்று கற்றார்.

2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்க்கு உரையாற்றும்போதே சாய்ந்தார். இன்று இராமேசுவரம் பேக்கரும்பில் துயில்கிறார்.

அன்புத் தோழியரே, அறிவியல் கண்காட்சிக்கு நால்வர் சேர்ந்து மாதிரி செய்யும்போது, நம் பங்கு சிறியதுதானே என்று எண்ணுகிறோம். நம் பங்குக்காக மூவர் காத்திருக்கின்றனர் என்பதை இனி மறவாதிருப்போம். தவறினால் பொறுப்பேற்போம், வென்றால் தோழியை முன்னே நிறுத்துவோம்.