மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த பிள்ளை

கோயம்புத்தூரில் ஒரு கல்விக்கூடம். ஏறக்குறைய 400 மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் ஒரு பிள்ளை, பள்ளி தொடங்கும் முன்பே வந்தாலும் உள்ளே போகமாட்டான். வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவான். வகுப்பு கலைந்ததும், மற்றவர்கள் தன்னை எட்டாதபடி விறுவிறுவென்று நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவான்.

அவன் பயந்தது பாடத்துக்கு அல்ல. பழகினால் பேச வேண்டும். பேசினால் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா யார் என்று கேட்பார்கள். பதில் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள். கூடி விளையாட முடியாத அந்தக் கொடுமையை நினைத்து நினைத்து மனம் கலங்கிய அந்தப் பிள்ளைதான் பின்னாளில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். 1939-இல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். எண்பதை நெருங்கிய வயதில், பட்டங்களும் பதவிகளும் வந்த பிறகும், பள்ளிக்கூட வாசல் அவருக்கு மறக்கவில்லை.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். பழைய செங்கல்பட்டு மாவட்டம். இன்று நாம் திருவள்ளூர் மாவட்டம் என்று சொல்லும் நிலத்தின் பெரும்பகுதியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, அவர் நம் மண்ணின் பிள்ளை. படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளையர் நிறுவனத்தில் கணக்கர் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் வந்தது. தன் குடும்பம், தன் பிழைப்பு என்று ஒதுங்கிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1890-இல் சென்னைக்கு வந்து, சேரிகளின் நிலையை விசாரித்து, மகாஜன சபையைக் கட்டும் வேலையில் இறங்கினார்.

1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பள்ளிக்கு வெளியே காத்துக் கிடந்தாரோ, அந்தப் பெயரையே பத்திரிகையின் முகப்பில் அச்சடித்தார். சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. மாத இதழாக வந்தது வார இதழானது. அதில் வெளியான ஒரு கடிதத்துக்காக வழக்குத் தொடுத்து, 1896-இல் அவருக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை. 1900 வரை வந்தது.

நம் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவமானப்பட்டவர்களுக்கு எப்போதும் இரண்டு வழிகள் எளிதாகத் தெரியும். ஒன்று, ஒளிந்துகொள்வது. இன்னொன்று, நமக்குக் கீழே ஒருவரைத் தேடிப் பிடித்து அவமானத்தை அவர் தலையில் இறக்கி வைப்பது. சீனிவாசன் சிறுவனாக இருந்தபோது ஒளிந்துகொண்டார். அது அவருடைய குற்றம் அல்ல. வளர்ந்த பிறகு மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். தனக்கு மூடிய வாசல் அடுத்த பிள்ளைக்கு மூடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்த்தார். வலியை அறிந்தவர் பிறருக்குத் தரக்கூடிய பெரிய கொடை அதுதான். அன்னதானம் ஒரு வேளைப் பசியை ஆற்றும். திறந்துவிட்ட பாதையில் தலைமுறைகள் நடக்கும்.

பின்னர் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார். 1923-இல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் யாரும் தண்ணீர் எடுக்கலாம், பொது அலுவலகங்களுக்குள் யாரும் போகலாம் என்ற 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்காகச் சட்டமன்றத்தில் உழைத்த நம் பிரதிநிதிகளில் அவரும் முன்னின்றார். இன்று திருவாலங்காட்டில் ரயிலை விட்டு இறங்கி யாரிடமும் கேட்காமல் தெருவில் நடக்கிறோமே, அந்த நடைக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

1930, 1931-இல் லண்டனில் வட்டமேசை மாநாடுகள் கூடின. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றவர் எழுபதைத் தாண்டிய சீனிவாசன். அங்கே மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தீண்டாமை என்றால் என்ன என்று அவரிடம் விசாரித்தார். சீனிவாசன் நீளமாக விளக்கவில்லை. கீழ்ச்சாதி என்று சொல்லப்படுகிறவன் தெருவில் விழுந்துவிட்டால், மேல்சாதி என்று சொல்லிக்கொள்பவன் தூக்கிவிட மாட்டான் என்றார். மன்னர் திடுக்கிட்டுப் போனாராம். விழுந்தவரைத் தூக்குவது இரக்கம். தூக்கவிடாமல் தடுக்கும் வழக்கத்தை உடைப்பது நீதி. நம் பெரியவருக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். தனித்தொகுதி உரிமை போனது நமக்கு இழப்புத்தான். மாகாண சட்டமன்றங்களில் நமக்கு ஒதுக்கிய இடங்கள் 71-லிருந்து 148 ஆகின. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜூலை 7-ஐ அரசு கொண்டாடுகிறது.

மாலை போடுவதோடு முடியுமா? அந்தப் பள்ளி வாசல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் அந்தப் பிள்ளை சில நாட்கள் பள்ளிக்கே போகாமல் இருந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் இவருக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பயம் மாறவில்லை. ஆனால் அந்த மாணவர் மீண்டு வந்து தேர்வெழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார். பள்ளிகளில் சாதிக் கயிறு, சாதி அடையாளம் எதுவும் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. காகிதத்தில் மாறுவது நல்லது. வகுப்பறையில் மாற வேண்டியது நம் கையிலும் இருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் ரயிலேறிப் படிக்கப் போகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலை தேடிப் போகிறார்கள். எந்தத் தெரு என்ற கேள்வி ரயில் பெட்டியிலும் வரும், கம்பெனி கேண்டீனிலும் வரும். தலைகுனிய வேண்டியது கேட்பவர்தான். தொல்லை தொடர்ந்தால் பொறுத்துப் போகாதீர்கள். ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். கருணை என்றால் வாய் மூடி இருப்பது என்று சீனிவாசன் ஒருநாளும் நினைக்கவில்லை.

படித்து வேலைக்குப் போனவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெருவில் ஒரு பிள்ளைக்காவது நோட்டு, பஸ் செலவு, தேர்வுக் கட்டணம் என்று கை கொடுப்போம். மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்போம். இருளர் குடியிருப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். நம்மைவிட ஒதுக்கப்பட்டவர்களை நாம் ஒதுக்கினால், பெரியவரின் படத்தை மாட்டிப் பயனில்லை. மாணவர்களே, மணி அடித்த பிறகு தயங்கித் தயங்கி உள்ளே வரும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவர் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள்.