சில்லுக்கு மெத்தை தந்தவர்: ஜோன் பொய்ட் டன்லொப் (1840 – 1921)



க.பொ.த. சாதாரண தர வரலாற்றுப் பாடத்தில் கைத்தொழிற் புரட்சி என்ற அலகைக் கற்கும்போது கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களை அட்டவணையாக மனனம் செய்திருப்பீர்கள். ஒரு பக்கத்தில் பெயர், மறுபக்கத்தில் கண்டுபிடிப்பு. பரீட்சைக்கு அது உதவும். ஆனால் ஒரு பெயருக்கும் ஒரு பொருளுக்கும் இடையில் எத்தனை மனிதரின் உழைப்பும் இழப்பும் மறைந்து கிடக்கின்றன என்பதை அட்டவணை சொல்வதில்லை. இதனை விளங்கிக்கொள்ள வளி நிரப்பிய டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜோன் பொய்ட் டன்லொப்பின் வாழ்க்கை மிகப் பொருத்தமான ஓர் உதாரணமாகும்.

டன்லொப் என்றதும் எம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவது டன்லொப் மெத்தைதான். மெத்தைக்கு அப்பெயர் வந்தது இறப்பர்ப் பாலில் இருந்து நுரை மெத்தை செய்யும் முறையை டன்லொப் கம்பனி 1929இல் உருவாக்கிய பின்னராகும். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெயருக்கு உரியவர் சில்லுக்கு ஒரு மெத்தை செய்துவிட்டார். அதுவே எமது பாடம்.

இளமையும் கல்வியும்

டன்லொப் 1840ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ட்ரெகோர்ன் என்னும் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தார். எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் கற்று, 19 வயதிலேயே மிருக வைத்தியராகத் தகுதி பெற்றார். 1867இல் அயர்லாந்துக்குச் சென்று குடியேறினார். பின்னர் பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய மிருக வைத்தியசாலை, 1880களில் அயர்லாந்தின் பெரிய வைத்தியசாலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டன்லொப் பொறியியலாளர் அல்லர். வண்டி செய்பவரும் அல்லர். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். நாற்பத்தேழு வயது வரை அவருடைய பெயரைப் பெல்பாஸ்டுக்கு வெளியே அறிந்தவர் சிலரே.

அக்காலச் சில்லுகள்

அன்றைய வண்டிச் சில்லுகள் மரத்தாலானவை. அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை போடப்பட்டிருந்தது. எமது நாட்டு மாட்டுவண்டிச் சில்லும் இவ்வகையினதே. சைக்கிள்களுக்குத் திண்ம இறப்பர் வளையம் மாட்டும் வழக்கமும் இருந்தது. கல் பரவிய தெருக்களில் இவ்வண்டிகளில் செல்வோரின் எலும்பு குலுங்கும்.

இக்குலுக்கலைக் குறைக்கப் பலர் பல வழிகளில் முயன்றனர். சிலர் வண்டியின் உடலுக்கும் அச்சுக்கும் இடையில் உருக்கு விற்களைப் பொருத்தினர். வேறு சிலர் ஒரு படி மேலே சென்று, சில்லின் குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையிலேயே சுருள்விற்களை வைத்து விற்சில்லுகளைச் செய்து பார்த்தனர். எண்ணம் நல்லதுதான். ஆனால் அவற்றின் பாரம் கூடியது, விற்கள் முறிந்தன, இடையில் சேறும் கல்லும் சிக்கின. சில்லுக்கு ஒரு வில் தேவை, ஆனால் அது பாரமற்றதாகவும் முறியாததாகவும் இருக்க வேண்டும் என்பதே அன்றைய பிரச்சினை. அப்படிப்பட்ட வில் ஒன்று எங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. அதுதான் வளி.

முற்றத்துப் பரிசோதனை

டன்லொப்பின் மகனிடம் ஒரு சிறிய மூன்று சில்லுச் சைக்கிள் இருந்தது. பெல்பாஸ்டின் கல்தெருக்களில் அதை ஓட்டும்போது ஏற்பட்ட குலுக்கலைக் குறைக்க வேண்டும் என்ற விருப்பமே தந்தையைச் சிந்திக்க வைத்தது.

1887ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் மரத்தால் ஒரு பெரிய வட்டத்தட்டைச் செய்தார். மெல்லிய இறப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டி, தட்டின் விளிம்பைச் சுற்றி வைத்தார். அதன்மீது துணிப்பட்டி ஒன்றைப் போர்த்து ஆணி அடித்து, உதைபந்துக்கு வளி அடிக்கும் பம்பியால் வளி நிரப்பினார். பின்னர் சைக்கிளின் வழமையான சில்லையும் இந்தப் புதிய சில்லையும் முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். வழமையான சில்லு சிறிது தூரம் ஓடிச் சரிந்தது. வளி நிரப்பிய சில்லோ முற்றத்தின் மறுமுனை வரை ஓடி, அங்கிருந்த வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது.

இதன் காரணத்தை விஞ்ஞானப் பாட அறிவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கடினமான சில்லு ஒரு கல்லின்மீது ஏறும்போது வண்டி முழுவதும் மேலெழுந்து பின்னர் விழ வேண்டியுள்ளது. ஓட்டுபவர் செலவிட்ட சக்தியின் ஒரு பகுதி அதிர்வாகவும் ஒலியாகவும் வீணாகின்றது. வளி நிரப்பிய டயர் கல்லைத் தனக்குள் அமிழ இடமளிக்கிறது. கல்லைக் கடந்தவுடன் உள்ளே அமுக்கப்பட்ட வளி டயரை மீண்டும் பழைய வடிவத்துக்குத் தள்ளுகிறது. ஆகவே, சுகத்துக்காகச் செய்த ஒன்று வேகத்தையும் தந்தது. இந்த இரண்டாவது பயன் அவருடைய பரிசோதனையில் வெளிப்பட்டதே முக்கியமானதாகும்.

நீங்களும் இதை அவதானிக்கலாம். கரைத்தீவின் மணற்பாதையில் சைக்கிள் ஓட்டும்போது, டயரில் வளி சற்றுக் குறைவாக இருந்தால் சில்லு மணலிற் புதையாமல் செல்லும். நிலத்தைத் தொடும் பரப்பு அகலமாவதே காரணம். அதே சைக்கிளைப் புத்தளம் செல்லும் தார் வீதியில் ஏற்றினால் மிதிப்பது கடினமாகும். இப்போது டயரின் அமுக்கத்தைக் கூட்ட வேண்டும். இரும்புப் பட்டையை இவ்வாறு இடத்துக்கேற்ப மாற்ற முடியுமா?

போட்டிக் களத்தில் வெற்றி

டன்லொப் 1888 யூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் திகதி அதனைப் பெற்றுக்கொண்டார். (ஒரு கண்டுபிடிப்பைக் குறித்த காலத்துக்குப் பிறர் செய்து விற்காதபடி அரசு வழங்கும் உரிமையே காப்புரிமை.)

ஆனால் காப்புரிமை கிடைத்தவுடன் மக்கள் ஒரு பொருளை ஏற்றுக்கொள்வதில்லை. தடித்த அந்த டயர்களைப் பார்த்தவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பை நிறுத்தியவர் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர். பெல்பாஸ்ட் குரூசர்ஸ் சைக்கிள் கழகத்தின் தலைவரான இவர், 1889 மே 18ஆம் திகதி பெல்பாஸ்ட் குயீன்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் வளி டயர் பூட்டிய சைக்கிளுடன் 4 ஓட்டங்களிற் பங்குபற்றி நான்கிலும் முதலாமிடம் பெற்றார். பின்னர் இங்கிலாந்திலும் வெற்றி பெற்றார்.

இதைக் கண்ட டப்ளின் வர்த்தகர் ஹார்வி டு குரோ, டன்லொப்புடன் இணைந்து 1889இல் ஒரு கம்பனியை ஆரம்பித்தார்.

தொம்சனின் பெயர் வெளிவருதல்

வெற்றியின் நடுவே பேரிடி ஒன்று விழுந்தது. காப்புரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகளில், அது செல்லுபடியாகாது என டன்லொப்புக்கு அறிவிக்கப்பட்டது. ஏனெனில், அதே எண்ணத்துக்கு ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற மற்றொரு ஸ்கொட்லாந்துக்காரர் 1845இலேயே பிரித்தானியாவிலும், 1846இல் பிரான்சிலும், 1847இல் ஐக்கிய அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றிருந்தார்.

தொம்சன் முதற் காப்புரிமையைப் பெற்றபோது அவருக்கு வயது 23. இறப்பர் பூசிய துணியாலான குழாயில் வளி நிரப்பி, அதற்குத் தோலால் உறை தைத்தார். 1847இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியொன்றில் அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஒரு தொகுதி டயர்கள் சுமார் 1,200 மைல் தூரம் ஓடியதாகவும் பதிவுண்டு. அவரது டயர் தோற்கவில்லை. காலந்தான் அவருக்குத் துணை நிற்கவில்லை. மெல்லிய இறப்பர் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். சைக்கிளும் மோட்டார் வண்டியும் இன்னும் வரவில்லை. எல்லோரும் புகையிரதத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் அவர் தமது நீராவி வண்டிகளுக்குத் திண்ம இறப்பர்ச் சில்லுகளைப் பயன்படுத்தினார். அவ்வண்டிகளுட் சில இந்தியாவுக்கும் சென்றன. 1873இல், தமது வளிச் சில்லு உலகை மாற்றுவதைக் காணாமலே அவர் மறைந்தார்.

டன்லொப்புக்கு வாய்த்த காலம் வேறு. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி அறிமுகப்படுத்திய, இரு சில்லுகளும் சம அளவான பாதுகாப்புச் சைக்கிள் நகரங்களிற் பரவிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்கு டயர் தேவைப்பட்டது. டயருக்குச் சைக்கிள் தேவைப்பட்டது.

கம்பனியும் டன்லொப்பும்

அடிப்படைக் காப்புரிமை இல்லாமற்போனாலும் கம்பனி வீழவில்லை. டு குரோ, டயரைச் சில்லில் இறுகப் பிடிக்கச் செய்யும் முறைகளுக்கான வேறு காப்புரிமைகளை விலைக்கு வாங்கினார். அவற்றுள் சார்ள்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890இல் உருவாக்கிய, விளிம்பில் கம்பி வைத்த டயர் குறிப்பிடத்தக்கது. இன்றைய சைக்கிள் டயரின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் அக்கம்பி உங்கள் விரலுக்குத் தட்டுப்படும். பிரான்சில் மிஷ்லின் சகோதரர்கள் 1891இல் கழற்றிப் பூட்டக்கூடிய டயரை அமைத்து, 1895இல் பரிஸ் – போர்தோ – பரிஸ் ஓட்டத்தில் மோட்டார் வண்டிக்கே வளி டயரைப் பூட்டி ஓட்டினர்.

டன்லொப் 1895இல் கம்பனியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே அக்கம்பனி 30 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. அப்பெருஞ் செல்வத்தில் டன்லொப்புக்குக் கிடைத்தது சொற்பமே. அவருடைய பெயர் உலகெங்கும் டயர்களில் அச்சாகிக்கொண்டிருக்க, அவர் டப்ளினில் அமைதியாக வாழ்ந்து, 1921 ஒக்டோபர் 23ஆம் திகதி தமது 81ஆவது வயதிற் காலமானார். அவர் செய்த முதலாவது சைக்கிள் டயர் எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்து தேசிய நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

இலங்கையுடனான தொடர்பு

டயருக்கு இறப்பர் வேண்டும். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும் எனக் கண்டார். 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. அதாவது, டன்லொப் தமது முற்றத்தில் சில்லை உருட்டுவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சில்லின் எதிர்காலம் எமது மண்ணில் வேர்விடத் தொடங்கிவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களின் வியர்வையும் அவற்றில் கலந்துள்ளது. ஆபிரிக்காவின் கொங்கோவில் நிலைமை இதனிலும் கொடியது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட்டின் ஆட்சியில் (1885 – 1908) காட்டு இறப்பர் சேகரிக்கும்படி மக்கள் சித்திரவதை செய்யப்பட்டனர், பலர் மாண்டனர். ஒருவருக்கு மெத்தையான பொருள் இன்னொருவருக்கு முள்ளாகவும் அமையலாம் என்பதை வரலாற்று மாணவர் மறக்கக்கூடாது.

முதலாம் உலக யுத்தத்தில் கடல்வழி அடைக்கப்பட்டு இறப்பர் கிடைக்காதபோது, ஜேர்மனியர் கைவிடப்பட்ட பழைய விற்சில்லுகளை மீண்டும் சைக்கிள்களுக்கும் லொறிகளுக்கும் பூட்டினர். அவை இரைச்சலுடன் குலுங்கி ஓடின. 1952இல் இலங்கை சீனாவுடன் இறப்பர் – அரிசி உடன்படிக்கை செய்துகொண்டபோதும் இறப்பரின் பெறுமதி எமக்கு அரிசியாகவே கிடைத்தது.

மதிப்பீடு

அப்படியானால் வளி டயரைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு சொல் விடை கேட்கப்பட்டால் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது டன்லொப் என்பதே. விரிவாக எழுத இடமிருந்தால், முதலிற் சிந்தித்துக் காப்புரிமை பெற்றவர் தொம்சன், நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் டன்லொப் என்று எழுதுங்கள். அதுவே உண்மை, இருவருக்கும் செய்யும் நியாயமும் அதுவே. தொம்சனைச் சொல்வதால் டன்லொப் சிறுமைப்படமாட்டார். அவர் தொம்சனைப் பார்த்து எழுதியவர் அல்லர். 42 ஆண்டுகளுக்குப் பின் தாமாகவே அதே வழியைக் கண்டவர். தம் வீட்டு முற்றத்திலிருந்த ஒரு சிறு துன்பத்தைச் சிறிதென ஒதுக்காமல் கையிற் கிடைத்த பொருட்களைக் கொண்டு தீர்க்க முயன்றதே அவரது பெருமை. அதற்குப் பெரிய நகரமோ பெரிய ஆய்வுகூடமோ தேவையில்லை என்பதைக் கடற்கரைக் கிராமத்தில் இருந்து கற்கும் நீங்கள் மனதிற் கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

1839 – குட்இயர் இறப்பரைப் பதப்படுத்தும் முறையைக் காணல்
1845 – தொம்சனின் காப்புரிமை
1876 – ஹெனரத்கொடவில் இறப்பர்க் கன்றுகள்
1887 – டன்லொப்பின் பரிசோதனை
1888 – டன்லொப்பின் காப்புரிமை
1889 – ஹியூமின் வெற்றி, கம்பனி ஆரம்பம்
1895 – டன்லொப் விலகல்
1921 – டன்லொப் மறைவு

பயிற்சி வினாக்கள்

1. டன்லொப்பின் தொழில் யாது?
2. விற்சில்லுகள் நிலைக்காமற் போனமைக்குரிய காரணங்கள் இரண்டு தருக.
3. தொம்சனின் டயர் மக்களிடையே பரவாமைக்கும் டன்லொப்பின் டயர் பரவியமைக்கும் உரிய காரணங்களை ஒப்பிடுக.
4. வளி டயரின் வருகை இலங்கையின் பொருளாதாரத்தில் ஏற்படுத்திய விளைவை விளக்குக.
5. ஒரு கண்டுபிடிப்பின் பெருமை ஒருவருக்கு மட்டும் உரியதா? டன்லொப்பின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு உமது கருத்தை எழுதுக.