ஒற்றைக் கண் டாக்டரும் நம்ம ராகிக் களியும்

டிப்ளமோ படிக்கும் நண்பர்களே! இன்ஜினியரிங் படிப்பைப் பாதியிலே விட்டுப் போன ஒருத்தரைப் பற்றி நம்ம ஆண்டு மலரில் எழுதலாமா என்று யோசித்தேன். தாராளமாக எழுதலாம். ஏன்னா, டாக்டரான பிறகும் அந்த மனுஷன் மனசளவில் ஒரு சர்வேயராகத்தான் இருந்தார்.

பெயர் டெனிஸ் பர்கிட். 1911-ல் அயர்லாந்தின் என்னிஸ்கில்லனில் பிறந்தவர். அப்பா மாவட்ட சர்வேயர். வேலை போக மிச்ச நேரத்தில் ராபின் குருவிகளின் காலில் உலோக வளையம் மாட்டி, எது எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று மேப் போட்டவர்! மகனுக்கு 11 வயதில், யாரோ எறிந்த கல் மூக்குக் கண்ணாடியில் பட்டு வலது கண் போச்சு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்து, மருத்துவத்துக்கு மாறி, 1935-ல் டாக்டரானார். ஒற்றைக் கண்ணனுக்கு ஆப்பிரிக்காவில் வேலை இல்லை என்று முதலில் கையை விரித்தார்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு, 1946-ல் உகாண்டா போய்ச் சேர்ந்தார்.

அங்கே குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோயைக் கண்டு 1958-ல் எழுதினார். அதற்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அது எந்த எல்லையோடு நிற்கிறது என்று பார்க்க, 1961-ல் இரண்டு டாக்டர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் 10,000 மைல் சுற்றினார். அப்பா குருவிக்குப் போட்ட மேப்பை மகன் நோய்க்குப் போட்டார், அவ்வளவுதான்.

1966-ல் இங்கிலாந்து திரும்பியவருக்கு ஒரு கேள்வி உறுத்தியது. உகாண்டாவில் இத்தனை வருஷம் ஆபரேஷன் செய்தும், பெருங்குடல் புற்றுநோயை அபூர்வமாகத்தானே பார்த்தோம்? இங்கே ஏன் இவ்வளவு? விடை தேடி அவர் அளந்த பொருளைச் சொன்னால் சிரிப்பீர்கள். மலம்! எக்ஸ்ரேயில் தெரியும் குட்டிக் குளிகைகளை விழுங்கச் சொல்லி, அவை வெளியே வர எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்தார்கள். 1972-ல் வெளியான கணக்குப்படி, பிரிட்டிஷ் கடற்படைக்காரர்களுக்குச் சுமார் 83 மணி, உகாண்டா கிராமத்தாருக்கு 36 மணி. நம்ம தென்னிந்திய நர்ஸுகளும் அந்தப் பட்டியலில் உண்டு, 44 மணி. வெள்ளை மாவில் தவிடு போச்சு, நார்ச்சத்து போச்சு, அதனால் குடலில் கழிவு தேங்குகிறது என்பது அவர் கட்சி.

தவிட்டில் நார் மட்டும் இல்லை. ஃபைட்டிக் அமிலம், ஃபெரூலிக் அமிலம் என்று பல சரக்கு இருக்கிறது. நாரைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து பியூட்டிரிக் அமிலம் ஆக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கியச் சாப்பாடே அதுதான்.

பர்கிட் 1993-ல் காலமானார். ஏழு வருஷம் கழித்து, 2000-ல் ஒரு அடி விழுந்தது. அமெரிக்காவில் 1,300 பேருக்கு மேல் கோதுமைத் தவிட்டைச் சில வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் வெட்டி எடுத்த கட்டிகள் மறுபடி முளைப்பது குறையவே இல்லை! கிழவர் சொன்னது பொய்யா என்று பலர் கேட்டார்கள். எனக்கு என்னவோ, தவிட்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததுதான் கோளாறு என்று படுகிறது. ஏன்னா, 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினம் 90 கிராம் முழுத் தானியம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 17 சதவீதம் போல் குறைவாக இருந்தது. 17 தான், 100 இல்லை. களி தின்றவனுக்கு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்ம பக்கம் மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று தானே முடிவு கட்டி, மாசக்கணக்கில் மறைக்கிறார்கள். அதை டாக்டரிடம் காட்டாமல் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்திலேயே மேட்டூர் அணை இருந்தும், மேச்சேரிப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான். ராகியும் கம்பும் சோளமும்தான் நம்ம பாட்டிகளுக்குக் கிடைத்தது. ராகி மணி பொடிசு, தோலைத் தனியாக உரிக்க முடியாது. மாவோடு மாவாக அரைபட்டு வயிற்றுக்குள் போய்விடும். நல்லது அந்தத் தோலில்தான் இருக்கிறது. ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரம் இரண்டு நாள் களி போடச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். இதுவரை பதினோரு கையெழுத்து. பரோட்டா கட்சிதான் இன்னும் பலமாக இருக்கிறது.